காந்தள் உறங்கிய மண்

இக்குறிப்பை எழுதி வைக்கும் கட்டாயம் ஒரு பலகையால் நேர்ந்தது. புனே நகரின் வானவடிப் பகுதியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாயிலருகே, சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின், மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை ஒன்றை நட்டிருக்கிறார்கள். இவ்விடத்து நாட்டுச் செடித் தோட்டமும் மழைநீர்ச் சேகரிப்பும் என் வழிகாட்டுதலால் உருவானவை என்று அது கூறுகிறது. அது உண்மையன்று. தோட்டத்தை உருவாக்கியவள் என் மனைவி. அதனை அழித்தவன் நான். அழிந்ததில் ஒரு பகுதியை மீட்டவர், கடக்வாஸ்லாவுக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து போகும் தோட்டக்காரப் பெண்மணி. அவருக்கு எழுதத் தெரியாது. என் மனைவி இப்போது இல்லை. ஆகவே எழுத வேண்டியவன் நானே.

நான் நடுவண் அரசின் நிறுவனம் ஒன்றில் நூலகனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின், பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் செடிகொடிகளின் பெயர்களைத் திரட்டி அகராதியாக்கும் வேலையை மேற்கொண்டேன். ஒரு பெயருக்கு ஓர் அட்டை. அட்டைகளை மரப்பெட்டிகளில் அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். என் மேசை மூன்றாம் தளத்தில், சாளரத்தை ஒட்டி இருந்தது. சாளரத்தின் நேர்கீழே வாயிலோர நிலம். மேசையிலிருந்து எழுந்து இரண்டடி வைத்தால் அது தெரியும். அந்த இரண்டடியை நான் வைத்த நாள்கள் குறைவு.

ஆண்டுதோறும் கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றிவிடும். டேங்கர் என்று இங்கே எல்லாரும் சொல்லும் தண்ணீர் லாரி நாள்தோறும் வரும். ஓர் ஆனி மாதத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்த முற்பகலில், அந்த லாரி பின்னோக்கி நகர்ந்து வாயிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மாடிக்கூரையில் விழுந்த நீரோ குழாய்கள் வழியாக இறங்கி, அதே வாயில் வழியாகச் சாலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மாடிமுகப்பில் நின்று அழைத்தாள். அவள் திருநெல்வேலிச் சீமைக்காரி. நாற்பதாண்டு புனே வாழ்க்கையிலும் அவள் பேச்சு மாறவில்லை.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. வானத்துத் தண்ணி வெளிய போகுது, லாரித் தண்ணி உள்ள வருது. யாருக்காவது வெக்கமா இருக்கா?”

நான் ‘ம்’ என்றேன். தகரவரிசையில் ஏதோ ஒரு சொல்லில் இருந்தேன்.

அடுத்த வாரமே அவள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். சங்கத் தலைவர் படையிலிருந்து ஓய்வுபெற்ற மராத்திய அதிகாரி, நல்லவர், எதையும் நேர்வரிசையில் நிறுத்திப் பார்க்க விரும்புபவர். வாயிலோரத்தில் உருண்டையாக வெட்டிவிடப்பட்ட அயல்நாட்டுப் புதர்கள் அப்போது வரிசையாக நின்றன. அந்த இடத்தைத் தனக்குத் தரும்படி என் மனைவி கேட்டாள். அவள் அறிந்த இந்தியில் தமிழ் பாதி கலந்திருக்கும். அவருக்கு அது எப்படியோ விளங்கிவிடும். அண்ணி என்னும் பொருளில் அவளைப் பாபி என்று அழைப்பார்.

“பாபி, அங்கே என்ன வைக்கப் போறீங்க?”

“இந்த மலைல தானா மொளைக்கிறதை வைப்பேன் சாஹேப். அதுக்கு லாரித் தண்ணி வேண்டாம்.”

“தானா மொளைக்கிறதுக்கு நீங்க எதுக்கு பாபி?”

“அது தானா மொளைக்கிற எடத்துலதான் நாம வீடு கட்டிட்டோமே.”

அவர் சிரித்து, இடத்தைக் கொடுத்துவிட்டார்.

அவளுடன் சேர்ந்து உழைத்தவர் நான் மேலே சொன்ன தோட்டக்காரப் பெண்மணி. சிற்றன்னையை மராத்தியில் மாவ்ஷி என்பர். எங்கள் குடியிருப்பில் அனைவரும் அவரை அப்படியே அழைத்தனர். என் மனைவியை அவர் தாயி என்றார். மராத்தியில் அது அக்காவைக் குறிக்கும். என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்றார். அவர் பேசுவது மராத்தியும் இந்தியும் கலந்தது. இங்கே அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

இருவரும் நிலத்தை முழங்கால் ஆழம் குழித்தனர். அடியில் உடைசெங்கல், அதன்மேல் கூழாங்கல், அதன்மேல் பருமணல், கடைசியில் மண். பாத்தியின் முகம் நடைபாதையைக் காட்டிலும் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. கூரையிலிருந்து இறங்கும் குழாய்களில் இரண்டை அதற்குள் திருப்பினர். மண் குடித்து எஞ்சிய நீர் மறுமுனையிலுள்ள கம்பிவலை மூடிய குழிக்குள் இறங்கி, அங்கிருந்து ஆழ்துளைக் கிணற்றைச் சேரும். ஆண்டின் முதல் மழை கூரையின் தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருமாதலால், அந்நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகே பாத்திக்குத் திருப்ப வேண்டும். அதற்கென ஒரு மூடி உண்டு. முதல் இடி கேட்டவுடன் அடுப்பை அணைத்துவிட்டுக் குடையுடன் அவள் படியிறங்கி ஓடுவது எங்கள் வீட்டில் ஆண்டுக்கொருமுறை நிகழும் காட்சி. பாத்தியின் ஓரத்துக்கு அவள் பதித்தவை எங்கள் பழைய சமையலறையிலிருந்து பெயர்த்த நீலப் பூவேலை ஓடுகளின் துண்டுகள்.

செடிகளை மாவ்ஷி தம் ஊர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். அங்கே சாலையை அகலப்படுத்த மலைச்சரிவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிக் குவித்த மண்ணில் கிடந்த கிழங்குகளை இருவரும் ஒரு முழுப் பகல் பொறுக்கினர். மாலையில் அவள் முந்தானை நிறையச் சேறும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்தது நினைவிருக்கிறது. காட்டுமஞ்சள், நிலப்பனை, காந்தள் ஆகியவை அவ்வாறு வந்தவை. பிறகு ஓரத்தில் நொச்சியும் வெட்டிவேரும் வைத்தனர். மூலையில் ஆத்தி இனத்து மரக்கன்று ஒன்று. இங்கே அதனை ஆப்டா என்பர். தசராவன்று அதன் இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பர்.

காந்தள் முதன்முதலாகப் பூத்த ஆவணி மாதத்தில் அவள் கீழிருந்து கூப்பிட்டாள். “ஏங்க, கீழ வாரீங்களா? பூத்திருக்கு!”

“வருகிறேன்” என்றேன். போகவில்லை. சற்று நேரத்தில் அவளே ஒரு பூவைத் தம்ளரில் இட்டு என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். தீயின் நாக்குகள் போல மேல்நோக்கி வளைந்த இதழ்கள். நுனியில் சிவப்பு, அடியில் மஞ்சள். நான் பெரிதும் மகிழ்ந்தேன். பழம்பாடல்கள் பெண்ணின் கைவிரல்களுக்கு இதை உவமையாக்கும் நயத்தை அவளுக்கு விளக்கினேன்.

“மாவ்ஷியும் அதான் சொல்லுதா. அவ அம்மா ஊரு கொங்கணத்துல இதைக் கௌரியோட கைம்பாங்களாம். சாமிக்குக் கையா வச்சுக் கட்டுவாங்களாம்” என்றாள். பிறகு, “எங்க ஊர்ல இது கண்ணுவலிப்பூ” என்றாள்.

“காந்தள் என்று சொல். இவ்வளவு அழகான சொல் இருக்கும்போது கண்வலி எதற்கு?”

“நீங்க பேரை வச்சுக்கோங்க. எனக்குக் கிழங்கு போதும்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தப் பூவைப் பார்த்து என் அட்டையில் நான்கு வரி எழுதினேன். அகராதியின் சிறந்த பதிவுகளுள் அதுவும் ஒன்று என்று பலகாலம் எண்ணியிருந்தேன்.

கார்த்திகைக்குள் அந்தப் பாத்தி வாடத் தொடங்கும். தையில் வைக்கோல் நிறம். மாசி பங்குனியில், நொச்சியையும் மரக்கன்றையும் தவிர்த்தால், வெறும் மண்ணும் காய்ந்த தண்டுகளும்தான். தண்டுகளை அவள் வெட்டவும் விடமாட்டாள். தலைவர் காலை நடையின்போது நின்று கேலி செய்வார்.

“என்ன பாபி, உங்க தோட்டம் லீவுல போயிருச்சா?”

“ஆமா சாஹேப். ஜூன்ல டூட்டிக்கு வந்துரும்.”

“லேட்டா வந்தா?”

“மழைகிட்ட மெமோ குடுங்க.”

இப்பேச்சுகள் மேலே எனக்குக் கேட்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும் அவள் சொன்னதை வேடிக்கை என்றே கொண்டேன்; செய்தி என்று கொள்ளவில்லை. ஆண்டுதோறும் ஆனி பிறந்ததும் அவளும் மாவ்ஷியும் புதிதாக நடுகிறார்கள் என்பது என் எண்ணம். தலைவர் எண்ணமும் அதுவே என்று பின்னால் தெரிந்தது. ஏழாண்டு அந்தப் பாத்தியின்மேல் வாழ்ந்தவன், அதில் எவரும் எதையும் மறுபடி நட்டதே இல்லை என்பதை அறியாமலிருந்தேன். கிணறு மட்டும் ஆண்டுக்காண்டு பிந்தி வற்றலாயிற்று. கடைசி இரண்டு கோடைகளில் லாரி ஓரிரு வாரமே வந்தது.

பலகை நட்டதற்கு முந்தைய ஆண்டின் பங்குனியில் அவள் மறைந்தாள். மருத்துவமனையில் இருபத்திரண்டு நாள். பேசுவதற்கு மூச்சு போதாத நிலையிலும் மாவ்ஷியின் பேருந்துச் சலுகைச் சீட்டைப் புதுப்பித்தாகிவிட்டதா என்று கேட்டாள். பாத்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியாமலிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிராது.

சித்திரையில் மாவ்ஷி தம் மகளின் பேறுகாலத்துக்காக ஊருக்குப் போனார். வைகாசியில் என் மனைவியின் பிறந்தநாள் வரும். அதற்குச் சில நாள் முன்பு தலைவர் என் வீட்டுக்கு வந்தார். சோபாவின் விளிம்பில் நேராக உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஸார், பாபியோட பிறந்தநாளுக்கு எல்லாரும் கீழே கூடலாம்னு இருக்கோம். அந்தப் பாத்தி இப்ப எரிஞ்ச காடு மாதிரி கிடக்கு. பாபி பேருல அப்படிக் கிடக்கக் கூடாது. ஒரு ஆளைப் பிடிச்சிருக்கேன். நல்ல செம்மண், புல்வெளி, ரெண்டு பக்கமும் பூத்தொட்டி. நீங்க சரின்னா ஆரம்பிச்சுடலாம்.”

நான் நெகிழ்ந்துவிட்டேன். அவருடன் படியிறங்கினேன். அப்பாத்திக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல்முறை. கைத்தடியால் மண்ணைக் கிளறினேன். தண்டுகள் தொட்டவுடன் ஒடிந்தன. பாத்தி தாழ்ந்து கிடப்பது ஒரு குறை என்றும் பட்டது. மண் அரித்துப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“எல்லாம் பட்டுப்போயின. மண்ணை எடுத்துவிடுங்கள்” என்றேன்.

மாவ்ஷியின் தொலைபேசி எண் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், என் மனைவியின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. ஒரே ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே தோன்றவில்லை.

மறுநாள் காலையில் டெம்போ வந்தது. நான்கு ஆள்கள் வெட்டினர். அவர்களுக்கு நானே தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். அவர்களில் ஒருவர் மண்வெட்டியின் முகத்தில் ஏந்திய ஒன்றை என்னிடம் நீட்டினார். விரல்நீளக் கிழங்கு, இரு கைகளாகப் பிரிந்து மடங்கியிருந்தது, தோல் வெளிர்ந்த பழுப்பு.

“அங்கிள், இது என்ன? இஞ்சியா?”

கையில் வாங்கினேன். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். “ஏதோ வேர்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை மண்ணோடு டெம்போவில் எறிந்தார். காந்தள் என்னும் தலைப்பில் என் அட்டையில், என் கையெழுத்தில், மூன்றாம் வரியாக இருப்பது இது: ‘இதன் கிழங்கு கலப்பை வடிவினது, ஆதலின் கலப்பைக்கிழங்கு எனவும் பெறும்.’ அந்த வரியை எழுதிய கைதான் அக்கிழங்கை வாங்கியது.

பிறந்தநாளன்று எல்லாரும் கூடினார்கள். புல்வெளி பச்சையாக இருந்தது. பலர் கண்கலங்கினர். எனக்கும் மனம் சற்று ஆறியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனியில் முதற்பெருமழை ஒரு காலைப்பொழுதில் வந்தது. இடி கேட்டதும் எழுந்து சாளரத்துக்குப் போனேன். போக வேண்டும் என்று யாரோ சொன்னது போலிருந்தது. புதுப் பாத்தி இப்போது நடைபாதையைவிட உயர்ந்திருந்தது. இரு குழாய்களின் நீரும் புல்விரிப்பின்மேல் விழுந்து, அதனை மடித்துத் தள்ளி, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு நாற்புறமும் வழிந்தது. வண்டிகள் நிற்கும் இடம் முழுதும் செந்நீர். ஒரு பகுதி கம்பிவலைக் குழிக்குள் சேறாக இறங்கியது. மிச்சமெல்லாம் வாயிலைக் கடந்து சாலைக்கு ஓடியது. முதல் மழைக்குத் திறக்க வேண்டிய மூடி எங்கே என்று எனக்குத் தெரியாது. மறுநாள் எல்லார் வீட்டுக் குழாயிலும் கிணற்றுநீர் சிவந்து வந்தது. இரண்டாம் தளத்து அம்மையார் ஒரு வாளியைக் கொண்டுவந்து தலைவர் முன்னே வைத்து, “சாஹேப், துணி துவைக்கவா, ஹோலி விளையாடவா?” என்று கேட்டாராம்.

அன்றுதான் மாவ்ஷி ஊரிலிருந்து திரும்பினார். குடையை மடக்காமலே வாயிலில் நின்றார். நான் இறங்கிப் போனேன்.

“காகா, மண் எங்கே?”

அவர் கேட்டது அது ஒன்றுதான். செடி எங்கே என்று கேட்கவில்லை.

தாயியின் நினைவுக்காக மாற்றினோம் என்றேன். எல்லாம் பட்டுப்போயிருந்தன என்றும் சொன்னேன்.

“பட்டுப்போகல காகா. தூங்கிட்டிருந்தது. மேல இருக்கிறது காயும், கிழங்கு உள்ளே தூங்கும். மழை வந்தா எந்திரிக்கும். வருஷாவருஷம் அப்படித்தானே? தாயி உங்ககிட்டச் சொல்லலையா?”

“சொல்லியிருப்பாள்” என்றேன்.

அவர் நடைபாதை விளிம்பில் அமர்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “உங்க காகா இந்தப் பூவைப் பத்தித்தான் புஸ்தகத்துல எழுதுறார்னு தாயி எத்தனை தடவை சொல்லியிருக்கு தெரியுமா?” என்றார். “பெருமையாச் சொல்லும்.”

பிறகு எழுந்து, பாத்தியின் மறுமுனைக்குப் போய், புல்விரிப்பை விலக்கிக் கைவிட்டுத் தேடி அந்த மூடியைத் திறந்துவிட்டார்.

டெம்போ ஓட்டியவரைத் தலைவர் வழியாகக் கண்டுபிடிக்கச் சில நாளாயிற்று. மண்ணை ஹிஞ்சேவாடிப் பக்கத்தில், பள்ளம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு மனையில் கொட்டியதாக அவர் சொன்னார். எங்கள் மகள் அப்பகுதியில்தான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள். ஒரு சனிக்கிழமை அவளே வண்டியோட்டி எங்களை அழைத்துப் போனாள். நெரிசலில் இரண்டு மணி நேரம். மாவ்ஷி முன்னிருக்கையில், மடியில் துணிப்பையும் அதற்குள் கொத்துக்கரண்டியுமாக இருந்தார். மகளின் தமிழ் இந்நகரத்துப் பிள்ளைகளின் தமிழ்; மண்ணை மிட்டி என்பாள்.

“அப்பா, மிட்டி எல்லாம் ஒண்ணு மாதிரித்தானே இருக்கும்? அம்மாவோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

மனையில் இறங்கியபோது இருபது முப்பது குவியல்கள் மழையில் கரைந்து கிடந்தன. பாதி நிலத்தை எந்திரம் சமன் செய்துவிட்டிருந்தது. காவலாளி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன தேடுறீங்க, தங்கமா?” என்றார்.

“ஆமாம்ப்பா, கிடைச்சா உனக்கும் வளையல் போடுறேன்” என்றார் மாவ்ஷி, தலை திருப்பாமல்.

கண்டவள் என் மகள். சமன் செய்த நிலத்தின் ஓரத்தில், பாதி மசிந்த ஒரு குவியலில் நீலப் பூவேலை ஓட்டுத்துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. “அப்பா! நம்ம பழைய கிச்சன்!” என்று கத்தினாள். சிறு வயதில் அவள் அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். சேற்றில் மண்டியிட்டு அத்துண்டை எடுத்துத் துடைத்தாள். அதன்பின் மழை வலுக்கும்வரை மூவரும் கையால் தோண்டினோம்.

கிழங்குகள் கிடைக்கத்தான் செய்தன. பெரும்பாலானவை அழுகியிருந்தன. அழுகாதவை உடைந்திருந்தன. மாவ்ஷி ஒவ்வொன்றின் நுனியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, வலப்புறமாகவோ இடப்புறமாகவோ போட்டார். காந்தள் கிழங்கின் நுனியில்தான் அதன் கண் இருக்கும் என்றும், வேறெங்கிருந்தும் அது முளைக்காது என்றும் சொன்னார். “நுனி போச்சு காகா. நுனி போச்சு. இதுவும் போச்சு.” மனைநிலத்தில் மழைச் சத்தத்துக்கு இடையே அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. கடைசியில் வலப்புறத்தில் இரண்டு இருந்தன. காட்டுமஞ்சளில் ஒரு கைப்பிடி கிடைத்தது. நிலப்பனை ஒன்றும் இல்லை.

“இதுவா அம்மாவோட பூ?” என்று மகள் கேட்டாள்.

“இதுதான்.”

“நான் இதைப் பூவாத்தான் பாத்திருக்கேன்” என்றாள். நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

தலைவர் தம் தவற்றை உணர்ந்தவுடன் செம்மண்ணை அகற்றச் செய்தார். குழியைத் தூர்வாரினர். மாவ்ஷியே நின்று பாத்தியை முன்போலத் தாழ்த்தி அமைத்தார். ஆப்டா மரமும் நொச்சியும் ஓரத்தில் நின்றதால் தப்பியிருந்தன. ஓரத்தில் எஞ்சிய வெட்டிவேரும் மீட்டு வந்த காட்டுமஞ்சளும் மறுபடி வேரூன்றின. சென்ற ஆண்டு மழையில் நீர் பழையபடி மண்ணுக்குள் இறங்கியது. அதைப் பார்க்கப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஆள்கள் வந்தார்கள். அதன் பயனாகவே அந்தப் பலகை நடப்பட்டது.

அதைப் பார்த்த அன்றே தலைவரிடம் போனேன். இது என் மனைவியின் வேலை, இதில் என் பங்கு அழித்தது மட்டுமே என்று சொன்னேன்.

“ஸார், நீங்களும் பாபியும் வேறவேறயா? செடிகளைப் பத்தி அவ்வளவு படிச்சவர் வீட்டுலதான் இப்படி ஒரு தோட்டம் வரும். பாபி கை, ஸார் மூளை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!”

“அவளுடைய கையும் அவளுடைய மூளையும்தான். நான் கீழே இறங்கிப் பார்த்ததுகூட இல்லை.”

“தன்னடக்கம் ஸார் உங்களுக்கு” என்று என் தோளைத் தட்டினார். மறுமுறை போனபோது, பலகையைப் பெயர்த்தால் தரைக்கல் உடையும் என்றார். மூன்றாம் முறை, “விடுங்க ஸார், செடிதானே” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என்னைக் காப்பதாகவே அவர் நினைக்கிறார்.

இரண்டு காந்தட் கிழங்குகளில் ஒன்று அந்த ஆண்டு மழையிலேயே அழுகிவிட்டது. தொட்டியில் வைத்த மற்றது சென்ற ஆண்டு ஒரு சாண் வளர்ந்தது. இலைநுனிகள் சுருண்டு, நான் ஊன்றிய குச்சியைப் பற்றிக்கொண்டன. பூக்கவில்லை. பூக்கும் பருமன் கிழங்குக்கு வர இன்னும் ஓரிரு மழை வேண்டும் என்கிறார் மாவ்ஷி. ஐப்பசியில் அது காய்ந்தது. தொட்டி இப்போது என் மேசையின் மேல், ககர வரிசைப் பெட்டியின் அருகில் இருக்கிறது. அதில் ஒரு துண்டுத்தாளில், ‘உயிர் உண்டு, தோண்டற்க’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். படிப்பவன் நான் ஒருவனே.

இது சித்திரை மாதம். தொட்டியில் மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருக்கிறதா, இல்லையா என்று தொட்டுப் பார்க்கும் ஆவல் காலைதோறும் எழுகிறது. ஒரு நாள் விரலை மண்ணில் வைத்தும்விட்டேன். தண்ணீர் கேட்டு மேலே வந்த மாவ்ஷி வாசலிலேயே நின்று, “காகா, விரலை எடுங்க” என்றார். எடுத்துவிட்டேன். பழைய கிழங்கு ஆண்டுதோறும் வற்றிப்போய், அதன் பக்கத்தில் புதியது ஒன்று உருவாகும் என்று அவர் சொல்கிறார். அது மெய்யா என்று நான் கண்டதில்லை. காண்பதற்காகத் தோண்டவும் மாட்டேன். அட்டையில் மட்டும் ஐந்தாவதாக ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: ‘கோடையில் மண்ணுக்கு மேல் ஒன்றும் இராது.’ என் மனைவி ஏழாண்டு சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிதான்.

இதனைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். மராத்திப் பெயர்களை நான் செவிவழியாகவே எழுதியுள்ளேன். ஆப்டாவை ஆத்தியோடு இணைத்தது சரியா என்பதில் எனக்கு உறுதியில்லை. கொங்கணத்து வழக்கம் மாவ்ஷி சொல்லக் கேட்டு என் மனைவி சொன்னது. பாத்தியின் அடுக்குகளை நினைவிலிருந்து எழுதினேன். மேலிருந்து பார்த்தவனின் நினைவு அது. அறிந்தவர்கள் பிழை கண்டால், என் வயதையோ படிப்பையோ எண்ணித் தயங்காமல், நேரே எடுத்துச் சொல்லித் திருத்துவார்களாக. இம்முறை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.